அளவுக்கு ஒரு முகம்

இருந்தவர்கள்: அவன், அவள், இருவரும் சேர்ந்து செய்த வெப்பக் கேமரா.

புகைந்துகொண்டிருந்த திரவ நைட்ரஜனையும் சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் கேமராவைக் குளிர வைத்திருந்தது.

உள்ளே இருக்கும் சிப்பு அவள் வளர்த்தது. கண்ணுக்குத் தெரியாத குவாண்டம் புள்ளிகள். இருட்டிலும் உடற்சூட்டைப் பார்க்கும். பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு சிப்புகளும் சில நாட்களிலேயே குருடாகிவிட்டன.

நாளை நிதி தரும் குழு வருகிறது. காட்டப் படம் இல்லையென்றால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

கேமரா காட்டும் சூடு சரிதானா என்று அளவு வைக்கும் கருவி போன மாதமே பழுதாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் முகம்தான் அளவு.

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

திரையில் சூடு என்றால் வெள்ளை, குளிர் என்றால் கறுப்பு. அவள் முகம் சுண்ணாம்பாய் எரிந்தது.

"உன் சிப்பு ஓவரா காட்டுது."

"என் சிப்பைச் சொல்லாத. உன் புரோகிராமைப் பாரு."

அளவைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். முகம் வழக்கமான சாம்பல் நிறத்துக்கு வந்தது.

சரிபார்க்கத் தன் கையைக் கேமராமுன் நீட்டினான்.

திரையில் கை கறுத்துக் கிடந்தது.

"செத்துட்டியாடா?" சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவன் கையைப் பார்த்தான். பிறகு அவளை.

எழுந்து போய் அந்தக் கையை அவள் நெற்றியில் வைத்தான்.

சுட்டது.

சிப்பு முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருந்தது. அவன்தான் அவள் காய்ச்சலைப் பிழையென்று நினைத்துத் திருத்தியிருந்தான்.

"எப்பலருந்து?"

"நேத்துலருந்து. அதை விடு. என் சிப்பு கண்டுபிடிச்சிருச்சு பாத்தியா? பழைய அளவுக்குப் போய் ஒரு படம் எடுடா. மாத்திரை போட்டா காய்ச்சல் போயிடும், அதுக்குள்ள எடு."

பழைய அளவை அவன் சேமித்து வைக்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினால் ஒரு மணி நேரம்.

அவள் கண்கள் பளபளத்தன. சந்தோஷமா, சூடா, தெரியவில்லை. பற்கள் கிடுகிடுத்தன.

படம் எடுக்காத ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான்.

"எடுத்துட்டேன்."

"காட்டு."

"முதல்ல ஆஸ்பத்திரி. எந்திரி."

திரையை அணைத்தான். அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நல்லா வந்திருக்கா?"

"ம்."

"என் மூஞ்சி?"

"கேவலமா இருக்கு. நட."

அவன் முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே நடந்தாள். நாளைக்குக் குழுவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தாழ்வாரத்திலிருந்தே அடுக்கத் தொடங்கினாள்.

படத்தைப் பார்க்க அவள் திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்திப் பூட்டினான்.