குசினிக்குள் சிங்களம்

“அவர எங்களோடயே விட்டிடுங்க. சொந்தப் புள்ள மாதிரிப் பாத்துக்கொள்ளுவம்.”

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஹப்ஸா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அதுவும் சிங்களத்தில். அடுப்பில் இறைச்சி கொதிக்கிறது, கையில் அகப்பை, எதிரே ஒரு ஈ காக்கை இல்லை.

“ஆரோடகா கதைக்கிறாய்?” கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார் அவள் புருஷன் மர்சூக்.

“ஆரோடயும் இல்ல. அங்கால போங்க, வசனம் மறந்திடும்!”

பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் கேகாலைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அவர்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் வீட்டில் புழங்குவது சிங்களம். மகள் இன்ஷிராவும் மாப்பிள்ளை முஸ்தாக்கும் கெம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். கலியாணம் முற்றாகிவிட்டது. முற்றாகாமல் கிடந்தது ஒரே ஒரு விஷயம், இருவரும் எங்கே குடியிருப்பது என்பது.

கல்முனைக் கரையில் அது ஒரு கேள்வியே இல்லை. உம்மா வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஹப்ஸாவும் பத்து வருஷமாகக் கல் கல்லாய் அடுக்கி, போன மாதம்தான் மேல்மாடிக்கு நிறம் பூசி முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் ஊர் வழக்கமோ தலைகீழ். பொண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

“உம்மாமார் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்க” என்று இளசுகள் இரண்டும் நைசாக நழுவிவிட்டன. எப்படிக் கதைப்பது? அந்த உம்மாவுக்குத் தமிழ் வராது, இவளுக்குச் சிங்களம் வராது. இதுவரை போனில் ஒரு ஸலாமோடு சரி.

அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு முன் ஹப்ஸா இணையத்தில் ஒரு மொழித் தளத்துக்குள் நுழைந்தாள். தமிழ் தெரிந்தவரையும் சிங்களம் தெரிந்தவரையும் சோடி சேர்த்துவிடுவார்கள். ஒருவருக்கொருவர் குரலை அனுப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான், விளங்காததைத் தளமே எழுத்தில் மொழிபெயர்த்துக் காட்டும். பேர், ஊர், படம் ஒன்றும் போடக் கூடாது, புனைபெயர் மட்டும். ஹப்ஸா ‘கடலலை’ ஆனாள். அவளுக்குச் சோடியாக வாய்த்தவள் ‘சமனலி’. சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சியாம்.

சமனலி தங்கமான மனிசி. ஆனாலும் வீட்டுக் கதையை முகம் தெரியாதவளிடம் கொட்டுவானேன்? “எங்கட தையல் கடைக்குப் புதுசா ஒரு டெயிலர் எடுக்கிறம். அவர்ர வீட்டாக்களுக்குச் சொல்லணும்” என்று கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டுத்தான் ஹப்ஸா அந்தச் சிங்கள வசனத்தைப் படித்துக்கொண்டாள்.

பதிலுக்குச் சமனலியும் ஒரு தமிழ் வசனம் கேட்டாள். அவளுடைய ஒரே மகனை ஒரு ஏஜென்சிக்காரர் தூர தேசத்துக்கு அனுப்பப் பார்க்கிறாராம். அந்த ஆளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியுமாம். சிங்களம் தெரியாத ஏஜென்சிக்காரரா என்று ஹப்ஸாவுக்கே புதினமாக இருந்தது. இருந்தும் பெத்த வயிறல்லவா, உருகிப்போனாள்.

வெறும் வசனமாகவா கொடுத்தாள்? “எனக்கு இரிக்கிறது இந்த ஒரு புள்ளதான்...” அந்த இடத்தில் ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு. பிறகு, “கண்காணாத தூரத்துக்குக் கொண்டு போயிடாதீங்க.” நாற்பது தரம் சொல்லவைத்தாள்.

“இதக் கேட்டாக் கல்லும் கரையும், சமனலி. நீங்க விட்டுக் குடுக்கப்படா!” என்று தெம்பும் கொடுத்தாள். சரியாகச் சொன்ன ஒவ்வொரு தரமும், “சோக்கு! ஒரு பிழையுமில்ல!” என்று மனம் நிறைந்து பாராட்டினாள்.

அஸர் தொழுகை முடிந்த கையோடு வாசலில் வான் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா றுகையா, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். வந்தவர்களின் ஆரவாரத்தில் இரண்டு உம்மாமாரும் வாய்க்குள்ளேயே ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஹப்ஸா மனசுக்குள் வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வட்டிலப்பம் பரிமாறியாயிற்று. சொல்லு, சொல்லு என்று மர்சூக் கண்ணைக் காட்டினார். ஹப்ஸா தொண்டையைச் செருமினாள். முதல் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் றுகையா தட்டை மேசையில் வைத்தாள். எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள்.

“எனக்கு இரிக்கிறது இந்த ஒரு புள்ளதான்...”

ஒரு நிறுத்தம். ஒரு பெருமூச்சு.

“கண்காணாத தூரத்துக்குக் கொண்டு போயிடாதீங்க.”

மர்சூக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம், ஓம், ஞாயம்தானே” என்று தலையாட்டவே தொடங்கிவிட்டார். கல்லும் கரையும் என்றது பொய்யில்லை.

ஹப்ஸா மட்டும் அசையவில்லை. கட்டிய வீடும் பூசிய மேல்மாடியும் பெத்த மகளும் ஒன்றாகச் சேர்ந்து, வாசலில் நின்ற வானில் ஏறிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று மாதப் பழக்கம் முந்திக்கொண்டது.

“சோக்கு, சமனலி! ஒரு பிழையுமில்ல!”