அப்பா காய்ச்சிய பால்

“ஏங்க, அடுப்பைப் பத்த வெச்சாச்சா?”

உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டதும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி வைத்தியம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத அந்த உடம்போடு அம்மா செய்கிற அதிகாரம்தான் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்து வீட்டில் செல்லமாக வளர்த்த, பெரிய எலி மாதிரி இருக்கும் கினிப்பன்றி மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டுச் செத்துப்போனது. உடம்பு விசாரிக்க வந்த அந்த வீட்டுப் பெண் பேச்சுவாக்கில் அதைச் சொல்லப்போக, “இங்க கொண்டுவந்து குடும்மா, எங்க வீட்டுக்காரர் வளர்ப்பார்” என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எந்த வீட்டுக்காரர்? கல்யாணமான நாளிலிருந்து தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடித்தறியாத மகாராஜா. அப்பாவுக்கும் அடுப்படிக்கும் ஏழாம் பொருத்தம். முதல் நாள் பாலைப் பொங்கவிட்டார். மறுநாள் பாத்திரத்தையே கருக்கினார்.

“நகருங்கப்பா, நான் காய்ச்சறேன்” என்று மகள் போனால், கட்டிலிலிருந்து உடனே தடை உத்தரவு வரும்.

“நீ தொடாதே. அவரே செய்யட்டும்.”

அப்பா செய்தார். வெதுவெதுப்பான பாலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குட்டியின் வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டார். குடித்து முடித்ததும், தாய் நக்கிவிடுகிற மாதிரி ஈரப் பஞ்சால் பின்புறத்தைத் துடைத்துவிட்டால்தான் குட்டி மூத்திரம் போகும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள். அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். மூன்றுக்கும் கொடுத்து முடித்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்துவிடும்.

“குட்டிங்க கடிக்கிற மாதிரி கேரட்டை இன்னும் பொடியா நறுக்குங்க. விரலை மடக்கிப் பிடிங்க, வெட்டிக்கப் போறீங்க.”

“சரிம்மா.”

“பால் பாத்திரத்தை உடனே கழுவிடுங்க. காஞ்சா போகாது. கேஸை மூடினீங்களா?”

“மூடிட்டேன்மா. இன்னைக்குப் பொங்கவே இல்லை தெரியுமா?”

பரீட்சையில் பாஸானவர் மாதிரி அப்பா வந்து சொல்வார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் பெண்டாட்டிக்கு மாத்திரை, இன்னொரு பக்கம் எலிக்குட்டிகளுக்குப் பால் என்று மனுஷர் அரையாய்ப் போய்விட்டார். “அம்மா அப்பாவைப் படுத்தற பாடு இருக்கே, கண்ணால பார்க்க முடியலைண்ணா” என்று அண்ணனிடம் போனில் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

ஒரு காலையில், இருப்பதிலேயே பொடியான குட்டி செத்துக் கிடந்தது.

அப்பா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“நேத்து நல்லாத்தாம்மா குடிச்சது. நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியலை.” சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதார்.

அம்மா அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். “நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க. அதுக்கு அவ்வளவுதான்.”

கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு, “எழுந்திருங்க. மத்த ரெண்டும் பசியா இருக்கும். போய் அடுப்பைப் பத்த வைங்க. நீங்களும் காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. உங்களுக்கும் ஒரு கிளாஸ் சேர்த்துக் காய்ச்சிக்குங்க” என்றாள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மகளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் காதில் விழ வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

“உனக்கு மனசே இல்லையாம்மா? உன்னை நினைச்சே அவர் பாதியாயிட்டார். இதுல எலிக்கு ஆயா வேலை வேற. நிம்மதியா அழக்கூட விடமாட்டேங்கறே. வயசான காலத்துல அவரை ஏன் இப்படி வதைக்கறே?”

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

“அழட்டும்டி. நான் போனா இன்னும் அழுவார். அழுது முடிச்சுட்டு எழுந்துபோய் அடுப்பைப் பத்த வைக்கத் தெரியணும் இல்லையா? தனக்கு ஒரு வாய் செஞ்சு சாப்பிடத் தெரியணும் இல்லையா?”

மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“ஏம்மா இப்படியெல்லாம் பேசறே? நாங்க ரெண்டு பேர் எதுக்கு இருக்கோம்? அப்பாவைத் தனியா விட்டுடுவோமா?”

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“அப்பாவை என்னால வெச்சுக்க முடியாதுன்னு நீ சொல்ல, என்னாலயும் முடியாதுன்னு உங்கண்ணன் சொல்ல, அவன் வந்திருந்த அன்னைக்கு ஹால்ல ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களே… இந்தக் கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும்டி.”