முயல் போன பக்கம்

அப்புத்துரையர் சைக்கிளைப் பூவரசமரத்தில் சாத்தியபோது முயல் ஏற்கெனவே ஒளிந்துவிட்டது.

கடற்கரையோரப் பாலர் பாடசாலை. மணலில் நாற்பது பிள்ளைகள் சப்பாணி கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கடதாசிக்கூழ் முகமூடியோடு ஒரு நரி. இரண்டு தடிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய உரச்சாக்குகள்தான் பற்றைக்காடு.

அப்புத்துரையர் தன் ஊரான வட்டக்கச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டவர். மகள் சிவதர்சினி வீட்டைவிட்டுப் போய் அன்றோடு இருபத்திரண்டு நாள். பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிற, தேவாலயத்துக்குப் போகிற ஒரு வேதக்காரப் பையனோடு போய்விட்டாள். ஜெறோம் என்று பெயர். பேதுரு என்கிற மீன்பிடிக்காரரின் மகனாம்.

“கையோட கூட்டிக்கொண்டுதான் வருவன். இல்லாட்டி இந்தப் படலைக்குள்ள கால் வைக்க மாட்டன்” என்று வாசற் படலையில் நின்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சொன்ன கையோடு, பழைய சீலையொன்றை நாலாக மடித்துச் சைக்கிள் கரியரில் கட்டியும் வைத்திருந்தார். நெடுந்தூரம். அவள் இருந்து வரவேண்டும்.

“ஆரின்ர பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள், ஐயா?” பக்கத்தில் நின்ற புனிதம் ரீச்சர் கேட்டாள்.

அவருடைய கண் உரச்சாக்குகளில் இருந்தது. சாக்குக்குக் கீழே ஒரு கால் தெரிந்தது.

இடது கால். குதிக்கு மேலே வெள்ளையாக ஒரு தழும்பு. வயலுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்த சிவதர்சினி மண்வெட்டியை மிதித்த நாளில் வந்தது. இரத்தம் சொட்டச் சொட்ட அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பத்து எட்டு வைத்தால் போதும், கையைப் பிடித்துவிடலாம்.

“பிள்ளையள், இந்தப் பக்கம் ஒரு முயல் வந்ததோ?” நரி கேட்டது.

ஒரு சத்தமும் இல்லை.

நரி குனிந்து முன்வரிசையில் இருந்த சின்னவளின் முகத்தருகே மூக்கை நீட்டியது. “உனக்குத் தெரியும், என்ன?”

“எனக்குக் காது கேக்காது” என்றாள் அவள்.

புனிதம் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வேற இடங்களில பிள்ளையள் கத்திக் காட்டிக் குடுக்குங்களாம். அப்பதான் நரி துரத்தும், முயல் ஓடும். இஞ்ச ஒண்டும் வாய் திறக்காதுகள். வீட்டில ஆரைத் தேடி ஆர் வந்தாலும் தெரியாதெண்டு சொல்லச் சொல்லித்தானே வளர்த்திருக்கு.”

கடைசியில் ஒரு பிள்ளை கடலைக் காட்டியது. அடுத்த கணம் நாற்பது கைகளும் கடலைக் காட்டின.

நரி ஓடிப்போய் அலையில் காலை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பொய்க்காரப் பிள்ளையள்! உண்மை சொல்ல இஞ்ச ஒருத்தரும் இல்லையோ?”

“அந்த ஐயாவைக் கேளுங்கோ, நரியார்!” என்று கத்தினாள் புனிதம் ரீச்சர்.

நரி துள்ளிக்கொண்டு பூவரசமரத்தை நோக்கி வந்தது. பாதி வழியில் துள்ளல் நின்றுவிட்டது. முகமூடியின் ஓட்டைகளுக்குள் இரண்டு கண்கள் அவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தன.

நாற்பது தலைகளும் திரும்பின.

“ஐயா...” நரியின் குரல் இப்போது ஒரு பையனின் குரலாக இருந்தது. “முயலைக் கண்டனீங்களோ?”

சாக்கின் கீழே அந்தக் கால் அசையவில்லை.

அப்புத்துரையருக்குப் படலையடியில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. கரியரில் கட்டியிருந்த சீலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டி, தான் வந்த வீதியைக் காட்டினார்.

“குளத்தடிக்குப் போயிட்டுது.”

பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள்.

“இஞ்ச எங்கயையா குளம்?” என்று சிரித்தாள் புனிதம் ரீச்சர். உண்மைதான். அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு.

சாக்கின் கீழிருந்த கால் சடாரென்று உள்ளே இழுபட்டது. அவள் அந்தக் குரலை அடையாளம் கண்டிருக்கலாம். குரலைவிட, அந்தப் பதிலை.

பதின்மூன்று வருடங்களுக்கு முன், துவக்குகளைத் தோளில் மாட்டிக்கொண்டு படலையில் வந்து நின்று அப்பா எங்கே என்று கேட்டவர்களிடம் ஆறு வயதுச் சிவதர்சினி சொன்னது அதைத்தான். “குளத்தடிக்குப் போயிட்டார்.”

அப்போது அவர், அவளுக்குப் பின்னால், வைக்கோல் போருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.