குமிழி

"இதையும் வீசப்போறியா?" வள்ளத்து ஓட்டையை அடைக்க வாங்கிவைத்த ரெசின் பாதியாகக் குறைந்திருந்ததைக் கண்டு கோகுலராஜ் கத்தினான்.

மஞ்சள் கண்ணாடிபோல் இறுகிய ரெசினுக்குள் ஒரு சிப்பி தெரிந்தது. அவன் மனைவி றஜிதா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ளுக்க குமிழி நிக்குது. சரிவரல்ல."

"விக்கிற சாமானுக்கு இந்தளவு காணும்கா. நாவலடிக் கரை முழுக்கச் சிப்பிதானே கிடக்கு!"

"விக்கிறத்துக்கு எண்டு ஆர் சொன்ன?"

அவள் மறுபடியும் கலக்கி ஊற்றினாள். அரைமணி கழித்துப் பார்த்தபோது அதுவும் குமிழியோடே இறுகியிருந்தது. எரிச்சலில் கோப்பையைத் தட்டிவிட்டாள்.

"அப்ப என்னத்துக்குக் கா இந்தப் பாடு?"

றஜிதா அலுமாரியைத் திறந்து, சின்னதொரு வெள்ளைச் சிப்பியை எடுத்துவந்தாள். அதன் ஓரம் உதிரத் தொடங்கியிருந்தது.

"சுனாமிக்குப் பிறகு நம்மட மகன எடுத்தநேரம், அவன்ட களிசான் பொக்கட்டுக்குள்ள இருந்த சிப்பி. ரெசினுக்குள்ள வச்சா உதிராம நிக்கும். ஆனா இதுக்கு ஒருக்காத்தான் ஊத்தலாம். பிழைச்சா வேற இல்லங்க. அதுதான் மத்தச் சிப்பிகள்ள பழகுறன்."

கோகுலராஜ் வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான்.

"எங்க போறீங்க?"

"கரைக்கு. பழகுறத்துக்கு இன்னும் சிப்பி வேணுமே."