டைகர் தேறாத பரீட்சை

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? காய்ச்சலெல்லாம் விட்டுதா?

நாய்ப் பள்ளிக்காரர்கள் இப்போது நாயை அடிப்பதில்லை. வளர்ப்பவர் கையில் ஒரு பட்டை மாட்டிவிடுகிறார்கள். நாயின் முன்னால் அவர் கத்தினால் அது சுருக்கென்று குத்தும். டைகர் என்ற நாய் வளரும் ஒரு வீட்டில், ஏச்சு கேட்டே ஓய்ந்துபோன ரெஜினாவிடம் அவள் புருஷன் தணிந்து பேசுவதே அதற்குப் பயந்துதான். நாய் தேறிவிட்டால் பட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

பள்ளியிலிருந்து பரீட்சை வைக்க வந்தவர், "டைகர், உக்காரு" என்றார். உட்கார்ந்திருந்த நாய் எழுந்து நின்றது.

"சனியனே!" என்று கத்திய புருஷன், குத்து வாங்கிக் கையை உதறினான்.

"பட்டை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் சார்" என்றார் வந்தவர்.

ரெஜினா சமையலறைக்குள் போய், பின்னாலேயே வந்த டைகருக்கு பிஸ்கட் கொடுத்தாள். "உக்காருன்னா எழுந்து நிக்கணும், மறந்துடாதடா கண்ணு. எனக்கு இனிமே தெம்பில்ல."

உங்கள் வீட்டு நாய் தேறிவிட்டதா? எழுதுங்களேன்.