டிராக்குக்குப் போன மாப்பிள்ளை

"என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுட்டீங்களா?"

பிர்தௌஸ் கேட்டாள். அவள் புருஷன் சாகில் காருக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் கேமராவை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டியது. கையை எடுத்தான். விழுந்தது.

"கேக்கறேன் இல்ல?"

"டாக்டர் உன்ன ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. கெடச்ச எடத்தை எதுக்கு வீணாக்கணும்? அதான் மாத்திட்டேன்."

பிர்தௌஸுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்காக வேங்கிக்காலில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்தச் சிவப்புக் கார் அவளுடையது.

சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக். எப்போதாவது ஒரு நாள் சாதாரண ஆட்களையும் உள்ளே விடுவார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொந்தக் காரை ஆசை தீர ஓட்டலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிர்தௌஸ் அதற்காக ஏங்கியவள். யார் யாரோ ஓட்டுகிற வீடியோவைப் போனில் பார்த்து, சோபாவில் உட்கார்ந்தபடியே காலால் கிளட்ச் மிதித்தவள். இந்தத் தடவைதான் இடம் கிடைத்தது. கிடைத்த கையோடு வயிற்றில் பிள்ளையும் வந்துவிட்டது.

பிள்ளை பிறந்தால் அவ்வளவுதான். கைக்குழந்தையை விட்டுட்டு உனக்கு ரேஸ் கேக்குதா என்று ஆளாளுக்கு வாயைத் திறப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாகில் ஓட்டுகிற லட்சணமோ ஊருக்கே தெரியும். ஜவ்வாது மலை வளைவில் அவள் ஓட்டினால், பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் ஓட்டினால் கிரிவலம் போகிற கூட்டமே முந்திக்கொண்டு போய்விடும்.

அவன் போகிறானாம். அதுவும் கேமராவோடு.

"யாருக்குப் படம் காட்டப் போறீங்க?"

"பாக்கறதுக்கு ஆள் இருக்கு."

வாசலிலிருந்து அம்மா குர்ஷித் பேகம் கத்தினாள். "மாப்ளே! 786-ஐ மறைக்காதீங்க!"

கண்ணாடி நடுவில் பெரிய ஸ்டிக்கர்.

"ஒரு நாளைக்குக் கழட்டிக்கலாமா மாமி?"

"நல்லாருக்கே! அவ்ளோ வேகமா ஓட்டற எடத்துக்கு அது இல்லாம போவீங்களா?"

சாகில் கண்ணாடியை விட்டுவிட்டான். முன்சீட்டு இரண்டுக்கும் பின்னால், தலைசாய்க்கிற இடத்தில் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி, அதன் நடுவில் கேமராவை முடுக்கினான்.

பக்கத்து வீட்டு சரோஜா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா பிர்தௌசு, புள்ளத்தாச்சிய வுட்டுட்டு உன் வூட்டுக்காரரு ரேஸுக்குக் கெளம்பிட்டாரா?"

"ஆமாங்க்கா. ஹீரோ ஆவப் போறாரு."

சாகில் போனை அவளிடம் நீட்டினான். "இதுல எப்படித் தெரியுதுன்னு பாரேன்."

"பாதிக்கு மேல சீட்டுதான் தெரியுது. தூக்கி வைங்க. இன்னும். போதும். உங்க மூஞ்சி வராது, பரவால்லையா ஹீரோ?"

"வர வேணாம். ஸ்டியரிங், கியரு, ரோடு மூணும் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"மைக் எங்க வெக்கறது? நான் பேசறது கேக்கணும்."

"பேச வேற போறீங்களா!"

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"கேமரா கிட்ட வெச்சா காத்துச் சத்தந்தான் ஜாஸ்தி கேக்கும். ஹெல்மெட்டுக்குள்ள, கன்னத்தோரமா ஒட்டுங்க. கேமராவுக்கு ஒரு கயிறும் கட்டுங்க. கழண்டு வந்து மண்டையில அடிக்கப் போவுது."

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டான். பிர்தௌஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் மெயின் ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகிறான், பாவி. மூணுக்கு மாத்துங்களேன் என்று மனசுக்குள் கத்தினாள்.

உள்ளே வந்து படுத்தாள். பிள்ளை உதைத்தது.

"உனக்கும் போவணுமா? உங்கப்பனைக் கேளு," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் சாகில் வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனை அவள் கையில் வைத்து, "பாரு," என்றான்.

"பாத்துட்டு லைக் போடணுமா?"

சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

பார்க்கவே கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். கை சும்மா இருந்தால்தானே!

வீடியோவில் அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒவ்வொரு காராக விர்ரென்று தாண்டிப் போனது. வழி விடச் சொல்லி ஓரத்தில் ஒருத்தர் நீலக் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஹெல்மெட்டுக்குள் சாகில் குரல் நடுங்கியது.

"யா அல்லா... பிர்தௌஸ், நல்லா பாத்துக்கோ. இது மொத திருப்பம். தூரத்துல லேசாத்தான் தெரியுது. கிட்ட வந்தா டக்குனு மடங்குது. நம்பாத..."

பிர்தௌஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க ரோடு எடது பக்கமா சரியுது. உனக்கு இதெல்லாம் சும்மா. எனக்குத்தான் உயிர் போவுது. அய்யோ, வரான், வரான்... போயிட்டான். இந்த எடத்துல எல்லாரும் பிரேக்க வுட்டுட்டுத் திருப்பறாங்க. ஏன்னு எனக்குப் புரியல. உனக்குப் புரியும்."

அவள் கால் தானாகத் தரையை மிதித்தது.

கடைசிச் சுற்று முடிந்து கார் ஓரமாக நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு சாகில் பேசினான்.

"ஒரு வளைவு வுடாம எல்லாத்தையும் எடுத்துட்டேன். பாத்துப் பாத்துப் பழகிக்கோ. அடுத்த வருஷம் நீ ஓட்டற, நான் புள்ளைய தூக்கிட்டு வெளிய நிக்கறேன், எவனாவது கேள்வி கேட்டா என்னைக் கேக்கட்டும்... இரு, கேமராவ நிறுத்தறேன், வாந்தி வருது."