கரும்புக் காட்டுக்கு வந்த செல்லி

வீட்டுப் பூனை செல்லியையும் அவள் குட்டியையும் சாக்கில் கட்டி, கரும்புத் தோட்டத்தில் விட்டுவிட்டார்கள். சில நாள் அலைந்ததில் செல்லிக்குப் பால் வற்றிப்போயிற்று. குட்டி பசியில் கத்தியது.

கரும்புப் புதருக்கு உள்ளே தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி படுத்திருந்த காட்டுப்பூனை உறுமியது.

“யாருடி நீ? என்ன சாதி?”

“போன வாரம் வரைக்கும் வீட்டுப்பூனைதான்க்கா. நேத்து ஒரு குடிசையில எட்டிப் பார்த்தேன், திருட்டுப்பூனைன்னு விரட்டினாங்க. இன்னிக்கு என்ன பேரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

“எங்க வம்சம் ஒருத்தர் கைச்சோறும் தின்னதில்ல, தெரியுமா?”

“பெரிய வம்சந்தான்க்கா, நாங்க போயிடறோம்” என்று திரும்பிய செல்லிக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் குட்டியைக் காணோம். அது காட்டுப்பூனையின் வயிற்றோடு ஒட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

காட்டுப்பூனை குனிந்து அதை மோந்து பார்த்தது. செல்லி கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டாள்.

“ஏன்டி வெளியிலயே நிக்கிறே?” என்றது காட்டுப்பூனை, குட்டியின் தலையை நக்கியபடி. “சத்தம் போடாம உள்ள வந்து படு. பிள்ளை குடிக்குது.”